பேனலுக்குள் யார் பேசுகிறார்கள்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், தொழிற்சாலைக்குள் பம்ப், வால்வை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யும், அதைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து கண்காணித்துக் கட்டளையிடும் ஸ்கேடா கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் லேன் கேபிள்களைப் பற்றி நாலே நாலு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். 33 வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்த்தவன் நான். அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, குடிநீர்த் திட்டம் என்று போன இடமெல்லாம் பேனல் (கன்ட்ரோல் கருவிகள் இருக்கும் இரும்புப் பெட்டி) கதவைத் திறந்துதான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் பி.எல்.சி. எதற்கும் இன்டர்நெட் கிடையாது. தனி லேன். எங்களுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? (எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், திருப்பூர்)

இதை டிராயிங்கைப் பார்த்துச் சொல்கிறீர்களா, பேனலைத் திறந்து பார்த்துச் சொல்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஃப்ளோமீட்டர் கோளாறு என்று கூப்பிட்டார்கள். அங்கேயும் உங்களைப் போலத்தான் சொன்னார்கள்: "வெளி கனெக்‌ஷனே கிடையாது சார்." ஃபில்டர் பெட் பேனலில் குனிந்து டெர்மினல் நம்பர் தேடிக்கொண்டிருந்தேன். வயர் போகும் பி.வி.சி. சேனலுக்குப் பின்னால் பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. கையை விட்டுப் பார்த்தால் ஒரு 4ஜி ரௌட்டர். இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டுப் பேனலின் பக்கத் தகட்டில் ஒட்டியிருந்தார்கள். பி.எல்.சி.க்கு 24 வோல்ட் கொடுக்கும் அதே சப்ளையிலிருந்து இரண்டு வயர் இழுத்து அதற்கும் கொடுத்திருந்தது. லேன் கேபிள் நேராக, பி.எல்.சி.களின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில்.

விசாரித்ததில், பேனல் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினீயர் கமிஷனிங் சமயத்தில் வைத்தது அது. வீட்டிலிருந்தே புரோகிராம் திருத்தலாம் என்று வைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை முடிந்து போகும்போது கழற்றவில்லை, அவ்வளவுதான். இரண்டரை வருஷமாக அந்த சிம்முக்கு அவர்கள் கம்பெனி பணம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஸ்விட்சில்தான் குளோரின் டோசிங் பம்ப்பும் இருந்தது. அந்த இன்ஜினீயரின் லேப்டாப் யார் கையில் சிக்கினாலும் ஒரு ஊரின் குடிநீரில் கை வைத்திருக்கலாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அப்படி எதுவும் இல்லை, உண்மையாகவே தனி லேன் என்றே வைத்துக்கொள்வோம். ஈரானில் நட்டான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் நிலையமும் இன்டர்நெட்டோடு தொடர்பில்லாத இடம்தான். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், பென் டிரைவில் ஏறி வரும்படி எழுதப்பட்டிருந்தது. உள்ளே போய் சீமென்ஸ் பி.எல்.சி.யைப் பிடித்து, 1,064 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய, யுரேனியத்தைப் பிரிக்கச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ்களை 1,410-க்கு ஏற்றி, பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கி உலுக்கியது. அந்த நேரத்தில் ஆபரேட்டர் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. முன்பே பதிந்து வைத்த நல்ல ரீடிங்குகளை அது திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

பென் டிரைவ் ஒரு வழி. சர்வீஸ் இன்ஜினீயரின் லேப்டாப் இன்னொரு வழி. புதிதாக வந்து இறங்கும் மெஷினும் ஒரு வழி: 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் தொழிற்சாலைகள் நின்றது, புதிய இயந்திரம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் ஏற்றும்போது வைரஸ் நுழைந்ததால். இந்த வாரம் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேனலாகப் போங்கள். ஸ்விட்சிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளையும் மறுமுனை வரைக்கும் கையால் பிடித்துப் போய்ப் பாருங்கள். எங்கே போகிறது என்று சொல்ல முடியாத கேபிள் ஒன்று கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பி.எல்.சி.கள் பேசிக்கொள்ளும் மொழியான மோட்பஸில் பாஸ்வேர்டு கிடையாது என்று வகுப்பில் சொன்னார்கள். இவ்வளவு முக்கியமான இடத்தில் ஏன் அப்படி விட்டார்கள்? இப்போது சேர்க்க முடியாதா? (மூன்றாம் ஆண்டு மாணவி, கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி, அம்மா. முதலில் ஒரு கட்டளையைக் கண்ணால் பார்த்துவிடு. லேன் வழியாக ஒரு பம்ப்பை 'ஓடு' என்று சொல்ல மோட்பஸில் போகிற செய்தி மொத்தம் 12 பைட்:

00 01 00 00 00 06 01 05 00 03 எஃப்எஃப் 00

முதல் இரண்டு, செய்தியின் வரிசை எண். அடுத்த இரண்டு, இது மோட்பஸ்தான் என்ற அடையாளம். 00 06 என்றால் இனி 6 பைட் வருகிறது. 01 என்பது எந்தக் கருவி. 05 என்றால் ஒரு காயிலை (ஆன், ஆஃப் மட்டும் தெரிந்த வெளியீடு) மாற்று. 00 03, எந்தக் காயில். கடைசியில் எஃப்எஃப் 00 என்றால் ஆன். அதே இடத்தில் 00 00 போட்டால் ஆஃப். அவ்வளவுதான், செய்தி முடிந்தது. அனுப்புகிறவர் யார் என்று எழுத இதில் ஒரு பைட்கூட இடம் இல்லை என்பதைக் கவனி. பி.எல்.சி. ஏமாந்துபோய்க் கேட்பதில்லை. யார் என்று கேட்கும் வழக்கமே அதற்கு இல்லை.

1979-இல் மோடிகான் கம்பெனி இதை உருவாக்கியபோது அது தப்பாகவும் இல்லை. ஒரு சீரியல் கேபிள், அதன் இரண்டு முனையும் பூட்டிய கட்டடத்துக்குள். கேபிளைத் தொட முடிந்தவர் நம்ம ஆளாகத்தான் இருக்க முடியும். பிற்பாடு அதே செய்தியை அப்படியே தூக்கி ஈதர்நெட் மேல் வைத்தார்கள். கேபிள் நீண்டுகொண்டே போய் ஆபீஸ், மோடம், செல்போன் டவர் வரைக்கும் வந்துவிட்டது. செய்தி மட்டும் மாறவில்லை.

இதனால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரத்தில் பார்த்தோம். வீடுகளுக்குச் சூடான தண்ணீர் அனுப்பும் நிறுவனத்தின் கன்ட்ரோலர்களுக்கு யாரோ மோட்பஸ் கட்டளை அனுப்பினார்கள். வெளியே பார்த்திருந்த ஒரு ரௌட்டர் வழியாக நுழைந்திருந்தார்கள். உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. உறைபனிக் காலத்தில் 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறக்குறைய 2 நாள் சூடு இல்லை. கைக்குழந்தையோடு இருந்தவர்கள், படுத்த படுக்கையான முதியவர்கள் அந்த இரண்டு ராத்திரியையும் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்.

பாஸ்வேர்டுக்கு நிகரான பூட்டோடு புதிய மோட்பஸ் 2018-இலேயே வந்துவிட்டது. ஆனால் 15, 20 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பி.எல்.சி.க்கு அது புரியாது. எனவே பூட்டை கருவிக்குள் போட முடியாது, கருவிக்குப் போகும் பாதையில்தான் போட வேண்டும். பி.எல்.சி.களைத் தனி மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் நுழைய ஒரே ஒரு பாதை விட்டு, அந்தப் பாதையில் மோட்பஸ் படிக்கத் தெரிந்த காவல் பெட்டியான ஃபயர்வால் வைப்பார்கள். ஸ்கேடா சர்வரைத் தவிர வேறு எந்த முகவரியிலிருந்து, மோட்பஸ் வந்து சேரும் வாசலான 502-ஆம் போர்ட்டுக்கு வந்தாலும் நிறுத்து. ரிப்போர்ட் எடுக்கும் கம்ப்யூட்டர் 3, 4 என்ற படிக்கும் கட்டளைகளை மட்டும் அனுப்பலாம். 5, 6, 15, 16 வந்தால் அவை எழுதும் கட்டளைகள், நிறுத்து. தொழிற்சாலைக் கன்ட்ரோல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62443 பக்கம் பக்கமாகச் சொல்வதில் இந்த மண்டலமும் பாதையும்தான் அஸ்திவாரம். படிக்கும்போது அந்த அத்தியாயத்தில் அவசரப்படாதே.

கேள்வி: துணை மின்நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். உக்ரைனில் கன்ட்ரோல் ரூமில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கரைத் திறந்தது (மின்சாரத்தைத் துண்டித்தது) என்று படித்தேன். நிஜமா? என் ஷிப்டில் அப்படி நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர், ஊர் வேண்டாம்)

நிஜம். 2015 டிசம்பர் 23, பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், மேற்கு உக்ரைனின் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் பகுதி மின் விநியோக நிறுவனத்தில் நடந்தது. ஆபரேட்டர் கண் முன்னால் கர்சர் நகர்ந்து ஒரு துணை மின்நிலையத்தின் பிரேக்கருக்குப் போய் கிளிக் செய்தது. உறுதிப்படுத்தச் சொன்ன பெட்டியிலும் கிளிக் செய்தது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. அடுத்த பிரேக்கர், அதற்கடுத்தது. திடீரென்று அவரை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. அங்கே மட்டும் 30 துணை மின்நிலையங்கள் போயின. இன்னும் இரண்டு நிறுவனங்களிலும் அதே நேரத்தில் அதே கதை. மொத்தம் 2,25,000 இணைப்புகள் இருட்டில்.

எப்படி நுழைந்தார்கள்? மாதக்கணக்காக முன்பே, ஆபீஸ் ஊழியர்களுக்கு வந்த மெயிலில் ஒட்டியிருந்த ஒரு ஃபைல் மூலம். அங்கிருந்து பாஸ்வேர்டுகளைப் பொறுக்கி எடுத்து, வெளியிலிருந்து உள் வலைப்பின்னலுக்கு வர விட்டிருந்த வி.பி.என். பாதை வழியாக ஸ்கேடா வலைப்பின்னலுக்குள் நடந்தே போய்விட்டார்கள். அந்த வி.பி.என்.னில் ஓ.டி.பி. மாதிரி இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. கன்ட்ரோல் ரூமுக்கு மின்சாரம் கொடுக்கும் யு.பி.எஸ்.ஸையும் நிறுத்தினார்கள். புகார் சொல்ல மக்கள் கூப்பிடும் எண்ணைப் பொய் அழைப்புகளால் அடைத்தார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. துணை மின்நிலையத்தில் பழைய சீரியல் கருவிகளை ஈதர்நெட்டோடு சேர்க்கும் சின்னக் கன்வெர்ட்டர் பெட்டி இருக்கும், உங்கள் பேனலிலும் பார்த்திருப்பீர்கள். அதை இயக்கும் உள் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரை அழித்துவிட்டார்கள். பெட்டி செத்தால் கன்ட்ரோல் ரூமிலிருந்து எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. திறப்பதற்குப் பயன்படுத்திய பாதையையே, திரும்ப மூட முடியாதபடி உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய், பிரேக்கரைக் கையால் மூடினார்கள். கையால் மூடத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள் என்பதால் நடந்த காரியம் இது.

இப்போது உங்கள் ஷிப்டுக்கு வருகிறேன். திரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் லோக்கல் / ரிமோட் செலக்டர் ஸ்விட்ச் இருக்கிறதல்லவா, அதை லோக்கலுக்குத் திருப்புங்கள். லோக்கலில் இருக்கும் பிரேக்கர் ஸ்கேடா கட்டளைக்கு அசையாது. வெளியிலிருந்து வரும் லிங்க் கேபிளைப் பிடுங்குங்கள். அது எதுவென்று இன்றே சிவப்பு டேப் சுற்றி வைத்திருங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள், விசாரணைக்கு வேண்டிய தடயம் அதன் மெமரியில் இருக்கும். மணி, நிமிஷம் போட்டு லாக் புக்கில் எழுதுங்கள். அதிகாரிகளுக்கு உடனே தெரியட்டும். சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இந்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலிடத்தைக் கேட்காமல் லோக்கலுக்குத் திருப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? அந்த நிமிஷத்தில் அதை யோசித்துக்கொண்டு நின்றால் நாலு பிரேக்கர் போய்விடும். எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று எழுத்தில் இருப்பதைப் போல, இதற்கும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்கேடாவை மூடி வைத்துவிட்டு, போனும் நோட்டும் வைத்து ஒரு ஷிப்ட் நடத்திப் பாருங்கள். ரிட்டயர் ஆகப்போகும் சீனியர்களை அந்த நாளில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூடங்குளத்தில் வைரஸ் புகுந்துவிட்டது என்று 2019-இல் செய்தி வந்தபோது எங்கள் ஊரே பயந்தது. உண்மையில் என்ன நடந்தது? (பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்)

முதல் நாள் நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது, அந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு சேர்ந்த நிர்வாக வலைப்பின்னலில் இருந்தது, அணு உலை சார்ந்த உள் வலைப்பின்னல் தனி என்று. அணு உலையைத் தொட்டதாக எந்தச் சான்றும் வெளியாகவில்லை.

ஆசிரியை நீங்கள், அதனால் ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் மறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வாழும் மக்களிடம் முதல் வார்த்தையே உண்மையாக இருந்திருக்க வேண்டும். தனி வலைப்பின்னல் என்பது நல்ல பாதுகாப்புதான், ஆனால் தனியாகவே இருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டியது அது. அமெரிக்காவில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஃபயர்வால் இருந்தது. 2003 ஜனவரியில் ஸ்லாம்மர் வைரஸ், ஒரு ஒப்பந்ததாரரின் லைன் வழியாக அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை கிட்டத்தட்ட 5 மணி நேரம் செயல்படவில்லை. அப்போது உலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வைரஸைத் தடுக்கும் திருத்தம் 6 மாதம் முன்பே வெளியாகியிருந்தது.

உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும், வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது என்ற இடங்களுக்கு ஒருவழிப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஒளியை அனுப்பும் பாகம் மட்டும், மறுபக்கம் வாங்கும் பாகம் மட்டும். திரும்பி வர ஒளி இல்லை, வயர் இல்லை. உங்கள் மாணவர்களுக்கு ஒரு டார்ச்சை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

கேள்வி: ஐ.டி. பிரிவு வாரா வாரம் நெட்வொர்க் ஸ்கேன், மாசா மாசம் அப்டேட் என்கிறது. புரொடக்‌ஷன் பிரிவு, பிளான்ட் பக்கமே வராதே என்கிறது. நடுவில் நான். யார் சொல்வது சரி? (மெயின்டனன்ஸ் மேனேஜர், ஓசூர்)

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஐ.டி. சொல்வது சரி. பிளான்ட்டில் அதையே செய்தால் ஆள் அடிபடும். ஒரு இடத்தில் நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எல்லா முகவரிக்கும் பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் செய்தி) அனுப்பினார்கள். சும்மா நின்ற 9 அடி ரோபோ கை ஒன்று 180 டிகிரி சுழன்றது. இன்னொரு இடத்தில் அதே மாதிரி பிங்கில் சிப் தயாரிக்கும் கன்ட்ரோல் தொங்கிப்போய் 50,000 டாலர் மதிப்புள்ள வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் தட்டு) வீணானது. இரண்டும் அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி. வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிற சம்பவங்கள். ஸ்கேன் வேண்டுமானால் ஷட்டவுனில் செய்யட்டும். ஓடும்போது, ஸ்விட்சில் செய்திகளின் நகல் மட்டும் வரும் மிரர் போர்ட்டில் ஒரு கருவியை வைத்து, எதையும் அனுப்பாமல் போகிற வருகிற செய்தியை மட்டும் கேட்கட்டும். அப்டேட்டை, ஸ்டோரில் இருக்கும் ஸ்பேர் பி.எல்.சி.யில் முதலில் ஏற்றிப் பாருங்கள். புரொடக்‌ஷன்காரர்களிடமும் சொல்லுங்கள்: பக்கமே வராதே என்றால், பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடும், ஆபரேட்டர் திரையான ஹெச்.எம்.ஐ.க்கு அவர்கள்தான் பொறுப்பு.

கேள்வி: ஒப்பந்த நிறுவனத்திலிருந்து விலகிப்போனவரின் பாஸ்வேர்டு எங்கள் கழிவுநீர் பம்ப் ஸ்கேடாவில் இன்னும் வேலை செய்கிறது. சொன்னால், "நல்ல பையன், ஒன்றும் செய்ய மாட்டான்" என்கிறார்கள். (உதவிப் பொறியாளர், ஊர் வேண்டாம்)

ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 142 கழிவுநீர் பம்ப் நிலையங்கள். 2000-ஆம் ஆண்டில், அந்த ஸ்கேடாவை நிறுவிய நிறுவனத்தில் வேலை பார்த்து விலகியவர், காரில் ஒரு லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு அந்தப் பம்ப்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஆற்றிலும் பாய்ந்தது. ஆரம்பத்தில் கருவிக் கோளாறு என்றே நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அவருக்கு 2 ஆண்டு சிறை.

உங்கள் பையன் நல்லவராகவே இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றுவது அவர் மேல் சந்தேகப்படுவதும் ஆகாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அதிலிருந்து அவரையும் அது காப்பாற்றும். இப்படிச் சொல்லிப் பாருங்கள், மேலதிகாரி கேட்பார். பாஸ்வேர்டு மாற்றும்போது கம்பெனி கொடுத்த ஆரம்ப பாஸ்வேர்டுகளையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலிகிப்பா ஊரில் 2023 நவம்பரில் குடிநீர் பம்ப் நிலையத்தின் பி.எல்.சி. பிடிபட்டதற்குப் பிறகு வந்த அரசு எச்சரிக்கை, அந்த ரகக் கருவிகளின் ஆரம்ப பாஸ்வேர்டு 1111 என்று வெளிப்படையாகவே எழுதியது.

கேள்வி: பி.எல்.சி. மேலிருக்கும் சாவி எப்போதும் ரன்னில் (ஓட மட்டும், புரோகிராம் திருத்த முடியாத நிலை) இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பாய்லர் பிளான்ட்டில் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் கன்ட்ரோல் ரூமிலிருந்து 400 மீட்டர் நடந்துபோய்த் திருப்ப வேண்டியிருக்கிறது. புரோகிராம் நிலையிலேயே விட்டால் என்ன? (இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், ராணிப்பேட்டை)

2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் அப்படித்தான் விட்டிருந்தார்கள். அது சாதாரணக் கன்ட்ரோலர்கூட இல்லை. அழுத்தம் எல்லை மீறினால் ஆலையை நிறுத்தி ஆட்களைக் காப்பாற்றும் ட்ரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலர். சாவி புரோகிராமில் இருந்ததால் தூரத்திலிருந்து அதன் மெமரிக்குள்ளேயே எழுத முடிந்தது. எழுதியதில் ஏதோ பிசகி, கன்ட்ரோலர் தானே ஆலையை நிறுத்தியதால்தான் விஷயம் வெளியே வந்தது. பிசகாமல் இருந்திருந்தால், நிறுத்த வேண்டிய நாளில் அது நிறுத்தாமல் இருந்திருக்கும்.

பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள், உங்கள் கூட்டாளிகள். அந்த 400 மீட்டர் நடந்துவிடுங்கள். திருப்பி ரன்னில் போட்டதும் சாவியை உருவிக்கொண்டு வந்து, பெர்மிட் புத்தகம் இருக்கும் அலமாரியில் ஷிப்ட் இன்சார்ஜிடம் பூட்டிவைக்கக் கொடுங்கள். எடுக்கிறவர் நேரம் போட்டுக் கையெழுத்திட்டு எடுக்கட்டும்.